ஒரு டிராகன், ஆறு பொம்மைகள்: எதை வாங்குவது?

பொம்மை சேர்ப்பதில் புதிதாக இறங்குபவர்கள் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: “நல்ல டிராகன் ஒன்று வாங்கணும், எதை வாங்கலாம்?” டிராகன் இல்லாவிட்டால் கழுகுத் தலையும் சிங்க உடலுமான கிரிஃபின், அதுவும் இல்லாவிட்டால் காளைத் தலை மனிதனான மினோட்டார். தேடிப் பார்த்தால் அந்த ஒரு டிராகனே ஆறு வேஷத்தில் வந்து நிற்கும். கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாக வந்தது. இருபது இடத்தில் மடங்கும் மூட்டுப் பொம்மை. உள்ளே ஒன்றுமில்லாத ஜப்பானிய வினைல், அதாவது மென் பிளாஸ்டிக். தூக்க இரண்டு கையும் வேண்டிய ரெசின் (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) சிலை. கட்டைவிரல் அளவுக் குட்டி உருவம். கணினிக் கோப்பாக வந்து வீட்டிலேயே அச்சாவது. ஆறுக்கும் பெயர் டிராகன்தான், ஆனால் ஆறும் ஒரே பொழுதுபோக்கு இல்லை.

இந்த ஆறிலும் நான் காசு விட்டிருக்கிறேன். சிலவற்றில் வீணாக. அதனால் யாராவது கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்லாமல் திருப்பிக் கேட்கிறேன்: வாங்கி வந்த மறுநாள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கையில் எடுப்பீர்களா, தூரத்திலிருந்து பார்ப்பீர்களா, விதவிதமாக நிற்க வைப்பீர்களா, வண்ணம் பூசுவீர்களா? பாதிக் குழப்பம் இந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

விலையை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். அது பெட்டியின் மேலேயே இருக்கிறது, யாரையும் ஏமாற்றாது. ஏமாற்றுபவை வேறு.

கை. பொம்மையைத் தொடலாமா, அடிக்கடி எடுத்து வைக்கலாமா, கீழே விழுந்தால் என்ன ஆகும்.

இடம். புராண விலங்குகளுக்கு இறக்கை, வால், கொம்பு, ஏழெட்டுத் தலை எல்லாம் உண்டு. ஒரு மனித உருவம் நிற்கும் இடத்தில் விரித்த இறக்கையோடு ஒரு டிராகன் நிற்காது. உயரத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் எல்லோரும் இதில் ஒரு முறையாவது மாட்டியிருப்பார்கள்.

அளவுப் பொருத்தம். நாயையும் குதிரையையும் பக்கத்தில் வைத்தால் எது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். கிரிஃபினையும் ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளாப்ஸையும் வைத்தால்? அசல் இல்லாத விலங்குகள் ஆகையால் தயாரிப்பவர் தம் இஷ்டத்துக்குச் செய்கிறார். தனித்தனியாக அழகாக இருப்பவை சேர்ந்து நிற்கும்போது பல்லிளிக்கும்.

வயது. பத்து ஆண்டு கழித்து அந்தப் பொருள் எப்படி இருக்கும். பிளாஸ்டிக்குக்கும் மூப்பு உண்டு.

கிடைக்கும் உயிரினங்கள். டிராகனும் யூனிகார்னும் எல்லாவற்றிலும் உண்டு. இருதலைப் புள்ளோ யாளியோ வேண்டுமென்றால் கதையே வேறு.

## ஒன்று: ஒரே வார்ப்பில் வந்த கெட்டிப் பொம்மைகள்

பி.வி.சி.யில் வார்த்து, வண்ணம் பூசி, பெரும்பாலும் அசையாமல் நிற்பவை. 1935-ல் தொடங்கிய ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்ஸின் பாப்போ, 1982-ல் தொடங்கிய அமெரிக்காவின் சஃபாரி ஆகிய மூன்றும் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பண்ணை விலங்கும் காட்டு விலங்கும் செய்கிற அதே நிறுவனங்கள்தான் இவற்றையும் செய்கின்றன. ஷ்லைக்கில் எல்டிராடார் என்றொரு வரிசை எரிமலை அரக்கர்களுக்கும் பனி அரக்கர்களுக்கும். பயாலா என்ற வரிசை தேவதைகளுக்கும் யூனிகார்ன்களுக்கும். சஃபாரியில் டிராகன்களுக்கென்றே தனி வரிசை இருக்கிறது.

இவற்றின் பெரிய பலம், அசல் விலங்குகளைச் செய்து பழகிய கை. நல்ல கிரிஃபின் ஒன்றில் கழுகின் தோள் எங்கே முடிந்து சிங்கத்தின் முதுகு எங்கே தொடங்குகிறது என்பது தசையிலேயே தெரியும். இறக்கையை ஒட்டவைத்த சிங்கமாகத் தெரியாது. குழந்தை கையில் கொடுக்கலாம், கீழே போடலாம், சோப்பு நீரில் கழுவலாம். வயதுக் குறியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்ணம் கையால் பூசப்படுவதால் ஒரே மாதிரிப் பொம்மை பத்து இருந்தால் பத்துக்கும் முகம் கொஞ்சம் மாறும். முடிந்தால் நேரில் போய், கண்ணைப் பார்த்து எடுங்கள். கண்மணி அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் போதும், கம்பீரமான டிராகன் தூக்கம் கலைந்த டிராகன் ஆகிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, சாய்வு. கனமான உடலை மெல்லிய கால்கள் தாங்கும் பொம்மை, வெயில் காலத்தில் மெல்ல முன்னோக்கிக் கவிழும். கொதித்து இறக்கிய நீரில் காலை ஓரிரு நிமிடம் வைத்து, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நேராகும். அடுத்த வெயிலுக்கு மறுபடி சாயலாம்.

இரண்டாவது, பிசுபிசுப்பு. பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பான பொருள். அதை மென்மையாக்க ஒரு மென்மையூட்டி கலக்கிறார்கள். அந்த மென்மையூட்டி பல ஆண்டுகளில் மெல்ல மேலே கசிந்து வரும். அதுதான் பழைய பொம்மைகளில் கை வைத்தால் ஒட்டுகிற பசை. நான் ஒரு கிரிஃபினைத் தூசி படக் கூடாதென்று காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் பத்திரமாக மூடி வைத்தேன். மூன்று ஆண்டு கழித்துத் திறந்தால் தூசி இல்லை, ஆனால் கிரிஃபின் ஈ ஒட்டும் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கசிந்தது போக வழியில்லாமல் அதன் மேலேயே தங்கிவிட்டது. இதமான சோப்பு நீரில் கழுவினால் சில மாதம் சரியாக இருக்கும். ஆல்கஹாலால் துடைத்தால் பசையோடு வண்ணமும் போகும். இன்னொன்று: மென் பி.வி.சி. பொம்மையைப் பாலிஸ்டைரீன் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் மேல் நெடுநாள் நிறுத்தினால், அதே மென்மையூட்டி அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிக் குழியாக்கும். அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தால் போதும்.

மூன்றாவது, நிறுத்தம். இந்த நிறுவனங்கள் ஆண்டுதோறும் சில மாதிரிகளைக் கைவிடும். நேற்று வரை அலமாரியில் தூங்கிய பொம்மை, தயாரிப்பு நின்றது என்று தெரிந்ததும் விலை ஏறும். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று நான் விட்ட ஒரு ஹைட்ரா (பல தலைப் பாம்பு) இன்றும் கிடைக்கவில்லை.

அளவுப் பொருத்தம்? மறந்துவிடுங்கள். யூனிகார்னும் டிராகனும் இங்கே பெரும்பாலும் ஒரே உயரம்.

## இரண்டு: மூட்டுப் பொம்மைகள்

ஆக்‌ஷன் ஃபிகர் என்று சொல்லப்படுபவை. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று எல்லா இடத்திலும் திரும்பும். ஃபோர் ஹார்ஸ்மென் ஸ்டூடியோ 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் ரசிகர்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய மித்திக் லீஜன்ஸ் முழுக்க மாயக்கதை உலகத்துக்கென்றே அமைந்த வரிசை: ஓர்க் எனும் முரட்டு அரக்கர், எலும்புப் போர்வீரர், மினோட்டார், குள்ளர் எல்லாம் உண்டு. கை, தலை, கவசம் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு மாட்டலாம். திரைப்பட அரக்கர்கள் வேண்டுமென்றால் நெக்கா நிறுவனம். காட்ஸில்லா போன்ற ஜப்பானியப் பேருருக்களுக்கு பண்டாய் நிறுவனத்தின் எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசை.

இவற்றில் பல பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. ஆறடி மனிதன் ஆறு அங்குலம் ஆகிறான். மனிதனை ஒத்த உருவங்களுக்கு அருமையான அளவு இது. சிக்கல், பெரிய விலங்குகளில். ஆறு மீட்டர் நீள டிராகனை இந்தக் கணக்கில் செய்தால் அரை மீட்டர் வரும். அதைச் செய்தால் விலை எகிறும், வைக்க இடமில்லை. சிறிதாகச் செய்தால் வீரன் ஒரு பெரிய பல்லியோடு சண்டை போடுவது போல இருக்கும். இந்த வகையில் ஓர்க்குகளும் மினோட்டார்களும் ஏராளமாக இருக்க, நாலுகால் பிராணிகள் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கை சும்மா இருக்காது என்றால் இதைவிட நல்ல பொம்மை இல்லை. வாரம் ஒரு முறை நிலையை மாற்றி வைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், இரண்டை மோத விடலாம். ஆனால் முதல் மாதம் தினமும் மாற்றி, இரண்டாம் மாதம் வாரம் ஒரு முறை மாற்றி, ஆறாம் மாதம் தொடுவதே இல்லை என்றால், அசையாத பொம்மைக்கு அசையும் பொம்மையின் விலையைக் கொடுத்திருக்கிறீர்கள். என் அலமாரியில் அப்படி நான்கு நிற்கின்றன.

பெட்டியில் எழுதாத செலவு: தாங்குகோல். இறக்கையுள்ள எதுவும் பின்பக்கக் கனத்தால் தானாக நிற்காது. மூட்டு தளரும், நடு இரவில் ஒன்று விழுந்து வரிசையில் இருக்கும் எல்லாவற்றையும் சாய்க்கும். புதிதாக வாங்கியதில் வண்ணம் உலரும்போது மூட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பலமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆணி முறியும். முதலில் வெந்நீரில் காட்டி இளக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அப்புறம் காத்திருப்பு. சிறு நிறுவனங்கள் முன்பதிவுக்கு வந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தயாரிக்கும். பணம் கட்டி ஒரு வருடம், அதற்கு மேலும் ஆவது உண்டு. வரும்போது உங்கள் ஆசை வேறு பக்கம் போயிருக்கும்.

## மூன்று: சோஃபுபி

சாஃப்ட் வினைல் என்பதை ஜப்பானியர் தம் நாக்குக்குச் சுருக்கிக்கொண்ட சொல் இது. எனக்கு இதன் மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன்.

உலோக அச்சில் திரவ வினைலை ஊற்றி, சூடான எண்ணெயில் அமிழ்த்துவார்கள். அச்சின் சுவரை ஒட்டிய வினைல் மட்டும் கெட்டியாகும். நடுவில் மீந்த திரவத்தைக் கொட்டிவிட்டு மறுபடி சூடாக்கி, இளக்கமாக இருக்கும்போதே குறடால் பிடித்து அச்சின் வாய் வழியாக இழுத்தெடுப்பார்கள். அச்சை இரண்டாகப் பிளப்பதில்லை. அதனால்தான் இந்தப் பொம்மைகளில் தலை, உடல், கை, கால் எல்லாம் தனித்தனித் துண்டாக இருக்கின்றன. இழுத்தால் வெளியே வரக்கூடிய வடிவமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கொம்பும் கூரிய நகமும் இங்கே கடினம். பருத்த கால், உருண்ட வயிறு, சொரசொரப்பான தோல், பெரிய கண் எல்லாம் இந்தச் செய்முறை விதித்த அழகு. 1966-ல் மருசான் நிறுவனம் வெளியிட்ட காட்ஸில்லா பொம்மையிலிருந்து இன்று தனிமனிதராகப் பட்டறை வைத்திருக்கும் கலைஞர்கள் வரை அதே வழியில்தான் போகிறார்கள்.

தத்ரூபம் தேடுபவர்களுக்கு இது பிடிக்காது. திரையில் பார்த்த அரக்கன் இங்கே பச்சையும் இளஞ்சிவப்புமாக, பாதி குழந்தை மாதிரி நிற்பான். ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். பருமனுக்குக் கனமே இருக்காது, விழுந்தால் உடையாது, கை காலைச் சுழற்றலாம். துண்டுகளைச் சூடாக்கிக் கழற்றி, வேறு நிறப் பொம்மையின் கையை மாட்டலாம். பேருருக்களைச் சேர்ப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பெகாசஸ் எனும் இறக்கைக் குதிரை போன்ற மெல்லிய கால் விலங்குகளைத் தேடுபவர்கள் இங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதற்குள்ளேயே இரண்டு உலகம் இருக்கிறது, அதைத் தெரியாமல் இறங்கினால் பை காலியாகும். ஒன்று, குழந்தைகளுக்காகப் பெரிய அளவில் தயாராவது. ஜப்பானியத் தொலைக்காட்சி வீரன் அல்ட்ராமேனோடு மோதும் அரக்கர்களை வைத்துப் பண்டாய் 1983-ல் தொடங்கிய வரிசை அதற்கு நல்ல உதாரணம். மலிவு, எளிதாகக் கிடைக்கும். ஆனால் 2013-ல் அதன் உருவங்களைச் சிறிதாக்கினார்கள், அதற்கு முன்னும் பின்னும் வாங்கியவற்றை ஒன்றாக நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இன்னொன்று, தனிக் கலைஞர்கள் சில பத்து எண்ணிக்கையில் கையால் வண்ணம் தெளித்து விற்பவை. இவற்றில் பலவற்றைக் குலுக்கல் முறையில்தான் விற்கிறார்கள். பணம் இருந்தாலும் அதிர்ஷ்டம் வேண்டும். குலுக்கலில் விழாதவர்கள் மறுவிற்பனையில் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே அச்சில் வார்த்த பொம்மை ஆண்டுக்கு நாலைந்து நிறத்தில் வரும். “இந்த நிறம் மட்டும்” என்று சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. வெவ்வேறு நிற வினைல் பொம்மைகளை ஒன்றோடொன்று அழுத்தி அடுக்காதீர்கள். ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஏறும், கழுவினாலும் போகாது.

## நான்கு: ரெசின் சிலைகள்

பார்வைக்கு இதற்கு ஈடில்லை. செதில் செதிலாகச் செதுக்கிய டிராகன், பாறையைப் பற்றிய நகம், அடியில் எண்ணிட்ட பீடம். ரெசினோடு கல்தூள் கலந்து வார்ப்பதால் கனமும் குளிர்ச்சியும் கையில் தெரியும்.

இதில் எனக்கு அனுபவம் ஒன்றுதான், அதுவே போதும் என்று ஆகிவிட்டது. ஒன்பது தலை ஹைட்ரா. வீடு மாறும்போது மூன்றாம் தலை கழுத்தோடு போனது. உடனடிப் பசையால் ஒட்டினேன். இன்றும் யார் வந்தாலும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள், மீதி எட்டுத் தலையை யாரும் பார்ப்பதில்லை.

ரெசின் வளையாது, முறியும். இரண்டு மூன்று சிலைகள் சேர்ந்தால் சாதாரணப் பலகை நடுவில் தொய்யும். பெட்டியைத் தூக்கி எறிய முடியாது, ஏனென்றால் உள்ளே அச்சாக வெட்டிய நுரை இல்லாமல் அடுத்த முறை நகர்த்தவே முடியாது, விற்கும்போதும் பெட்டி இல்லாவிட்டால் விலை விழும். ஆக ஒரு சிலைக்கு இரண்டு இடம்: தனக்கு ஒன்று, பெட்டிக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று. நிலையான வீடு, கண்ணாடி அலமாரி, “எனக்கு ஒரே ஒரு டிராகன் போதும்” என்ற மனம் மூன்றும் இருந்தால் வாங்குங்கள்.

## ஐந்து: குட்டி உருவங்கள்

மனிதன் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம் இருக்கும் உலகம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளுக்காகச் செய்யப்படுபவை. வண்ணம் பூசியும் வரும், பூசாமலும் வரும்.

கடையில் வாங்குபவற்றில் எல்லா உயிரினங்களுக்கும் அளவுப் பொருத்தம் ஒழுங்காக இருப்பது இங்கே மட்டும்தான். காரணம் விளையாட்டின் விதி. ஓர் அங்குலக் கட்டம் ஐந்தடி தூரம். ஓகர் எனும் பூதம் போன்ற பெரிய உருவம் இரண்டுக்கு இரண்டு கட்டம், அதற்கு மேற்பட்டவை மூன்றுக்கு மூன்று, முதிர்ந்த பேரளவு டிராகன்கள் நாலுக்கு நாலு. யார் தயாரித்தாலும் ஆட்டத்தில் வைக்க வேண்டுமென்றால் இந்தப் பீட அளவை மீற முடியாது. வெவ்வேறு நிறுவனத்தில் வாங்கியவையும் பக்கத்தில் நிற்கும். வகைகளும் அதிகம்: பசிலிஸ்க், மான்டிகோர், மந்திரக் கண் அரக்கன், எதுவும் கிடைக்கும். நூறு உருவங்கள் ஒரு இழுப்பறையில் அடங்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1970-களில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் விளையாட்டு மேசைக்கு அரக்கர்கள் தேடி மலிவுக் கடையில் ஒரு பை பிளாஸ்டிக் பொம்மை வாங்கினார். ஹாங்காங்கில் செய்தவை, டைனோசர் என்று சொல்லி விற்றவை, எந்த டைனோசரையும் போல் இல்லாதவை. அவற்றிலிருந்துதான் அவுல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர், புலெட் ஆகிய மூன்று அரக்கர்கள் அந்த விளையாட்டுக்குள் வந்தார்கள். ஆந்தைத் தலைக் கரடிக்கு எந்தப் புராணமும் கிடையாது, அதன் தாய் ஒரு மலிவுப் பொம்மைதான். மட்டமான பொம்மைப் பையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்வேன்.

பொறி எங்கே என்றால் மூடிய பெட்டியில். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவது. பன்னிரண்டு உருவங்கள் உள்ள ஒரு வரிசை, எல்லாம் சம வாய்ப்பில் ஒவ்வொன்றாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டையும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டி வாங்க வேண்டியிருக்கும். கணக்கு இது, துரதிர்ஷ்டம் இல்லை. அரிய உருவம் என்று ஒன்றை வேறு ஒளித்து வைத்திருந்தால் இன்னும் மேலே போகும். கோபால்ட் என்ற ஒரே குட்டி அரக்கனை ஐந்து முறை பெற்ற பிறகு நான் தனித்தனியாகப் பிரித்து விற்பவர்களிடம் மட்டும் வாங்குகிறேன். ஒன்றுக்கு விலை அதிகம் தெரியும், மொத்தத்தில் குறைவு.

பழையவற்றைத் தேடுபவர்கள் கண்டிப்பாக மான்ஸ்டர் இன் மை பாக்கெட்டில் போய் நிற்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் வந்த, ஒற்றை நிறத்தில் வார்த்த ரப்பர் மாதிரியான குட்டி அரக்கர்கள். முதல் வரிசையில் 48. உலகப் புராணங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அந்த வேகத்தில் காளி, விநாயகர், அனுமன் ஆகியோரையும் அரக்கர் பட்டியலில் சேர்க்க, இந்து அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். வழிபாட்டில் இருக்கும் உருவத்தை ஓநாய் மனிதனுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கு முன் சேர்ப்பவரும் ஒரு கணம் யோசிக்கலாம்.

## ஆறு: வீட்டில் அச்சிடுவது

3டி அச்சுப் பொறி இருந்தால், அல்லது அச்சிட்டுத் தர ஆள் இருந்தால், கடையில் இல்லாததும் கிடைக்கும். இதற்கு நிகரான பலம் வேறு எதற்கும் இல்லை. யானைத் துதிக்கையும் சிங்க உடலுமாக ஒரு யாளி வேண்டுமென்றால் எந்தப் பெரிய பொம்மை நிறுவனத்தையும் நம்பி உட்கார முடியாது. ஒரு கோப்பு வாங்கலாம், செதுக்கத் தெரிந்தால் நாமே செய்யலாம். அளவும் நம் கையில்: எல்லா விலங்கையும் ஒரே கணக்கில் அச்சிடலாம்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பொறி மலிவு, சுத்தம். ஆனால் செதில்களின் மேல் அடுக்குக் கோடுகள் தெரியும். இழைகளில் பரவலாகப் புழங்கும் பி.எல்.ஏ. 60 டிகிரி அருகே இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் டிராகன் தலை குனியும். திரவ ரெசினை ஒளியால் கெட்டியாக்கும் பொறி அற்புதமான நுணுக்கம் தரும். ஆனால் கெட்டியாகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை, காற்றோட்டம், ஆல்கஹாலில் கழுவுதல், பிறகு புறஊதா ஒளியில் காய்ச்சுதல், இத்தனையும் உண்டு. உருவத்தை உள்ளே வெற்றாக அச்சிட்டால் வடிதுளை விட வேண்டும். விடாவிட்டால் உள்ளே சிக்கிய ரெசின் மாதங்கள் கழித்து வெடிப்பு விட்டு ஒழுகும்.

புதியவர்கள் தவறுவது பெருக்கலில். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் பொருள் எட்டு மடங்கு ஆகும், நேரமும் பல மடங்கு கூடும். “கொஞ்சம் பெரிதாகப் போடலாமே” என்ற ஆசை ஒரு இரவு வேலையை ஒரு வார வேலையாக்கிவிடும்.

அச்சிட்ட பிறகு தேய்த்து, அடிப்பூச்சு பூசி, வண்ணம் தீட்ட வேண்டும். அந்த வேலையே பிடித்தால் இது சொர்க்கம். பிடிக்காவிட்டால் சாம்பல் நிற அரக்கர்கள் ஒரு அட்டைப் பெட்டியில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | கையில் எடுக்க | அளவுப் பொருத்தம் | மூப்பு | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| கெட்டிப் பொம்மை | தாராளமாக | இல்லை | சாய்வு, பிசுபிசுப்பு | நின்றுபோன மாதிரிகள் |
| மூட்டுப் பொம்மை | அதற்கென்றே | மனித உருவங்களில் நன்று | மூட்டுத் தளர்வு | தாங்குகோல், காத்திருப்பு |
| சோஃபுபி | தாராளமாக | வரிசைக்கு வரிசை மாறும் | நிறம் ஏறுதல் | குலுக்கல், மறுவிற்பனை விலை |
| ரெசின் சிலை | வேண்டாம் | தனியாக நிற்பது, தேவையில்லை | முறிவு | பெட்டிக்கு இடம் |
| குட்டி உருவம் | பீடத்தின் விளிம்பைப் பிடித்து | மிக நன்று | வண்ணம் உதிர்தல் | மூடிய பெட்டி |
| அச்சிட்டது | பொருளைப் பொறுத்து | நீங்கள் வைத்ததே | ரெசினில் வெடிப்பு | உங்கள் நேரம் |

## எல்லாவற்றுக்கும் பொதுவான செலவுகள்

வெளியிலிருந்து வரவழைப்பவர்கள் கன அளவு எடையைக் கவனியுங்கள். கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவுக்கும் கட்டணம் போடும். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அது. 40×30×30 பெட்டிக்குள் ஒரு கிலோ சோஃபுபி இருந்தாலும் கணக்கு 7.2 கிலோ. இறக்கை விரித்த டிராகன்கள் எல்லாம் இந்தக் கணக்கில் உதைபடும். இறக்கை கழலும் மாதிரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது போலிகள். அசலைச் சிலிக்கோன் அச்செடுத்து மறுபடி வார்ப்பவை அசலைவிட இம்மியளவு சிறுத்தும் விவரம் மழுங்கியும் இருக்கும். பாதத்திலோ வயிற்றிலோ இருக்க வேண்டிய நிறுவன முத்திரை இல்லை, நெடி மூக்கைத் துளைக்கிறது, விலை நம்ப முடியாத மலிவு என்றால் விலகுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. குழந்தைகளின் பொம்மைகளில் சில தாலேட் மென்மையூட்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் தற்காலிகமாகவும் 2005-ல் நிரந்தரமாகவும் தடை போட்டது, அமெரிக்கா 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. போலி செய்பவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அதற்கு முந்தைய பழைய பொம்மைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவை பெரியவர்களின் அலமாரியில் இருக்கட்டும்.

வெயில் நேராகப் படும் சன்னலோரம் ஆறுக்கும் ஆகாது. வெள்ளைப் பெகாசஸ் மஞ்சளாவதுதான் முதல் அறிகுறி.

## யாருக்கு எது

வீட்டில் ஐந்து வயதுக் குழந்தையும் சேர்க்கும் ஆசையுள்ள பெற்றோரும் இருந்தால் கெட்டிப் பொம்மை. இருவருக்கும் ஒரே அலமாரி போதும், சண்டை குறைவு.

அடிக்கடி வீடு மாற்றுபவர்களுக்குக் குட்டி உருவங்கள் அல்லது சோஃபுபி. முதலாவது இடத்தை அடைக்காது, இரண்டாவது உடையாது. சிலை வேண்டவே வேண்டாம்.

கிரேக்கப் புராணம் மட்டும், கடல் அரக்கர்கள் மட்டும், பறப்பவை மட்டும் என்று ஒரு கருவை வைத்துச் சேர்ப்பவர்கள் ஒரே வகையில் நிற்க முயன்றால் ஏழெட்டு உருவத்தோடு தேங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் கெட்டிப் பொம்மையை அடித்தளமாக வைத்து, இடைவெளிகளை மட்டும் அச்சிட்டு நிரப்புவது நடைமுறையில் ஒத்துவரும். அச்சிடும்போது பக்கத்துப் பொம்மையின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படம் எடுப்பவர்களுக்கு மூட்டுப் பொம்மை, சந்தேகமே வேண்டாம். காசை மீட்கும் எண்ணத்தோடு வாங்குபவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை. விலை ஏறும் என்று நான் பெட்டி பிரிக்காமல் வைத்த இரண்டும் மறுபதிப்பாக வந்து, பழையதைவிட நல்ல வண்ணத்தில் கடையில் நிற்கின்றன.

இன்னும் முடிவு வரவில்லையா? ஒரு கெட்டிப் பொம்மையும் ஒரு மலிவுச் சோஃபுபியும் வாங்கி, வேலை செய்யும் மேசையில் ஒரு மாதம் வையுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது கை தானாக எதை எடுக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் எடுக்காமல் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தால், சரி, சிலைக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். பெட்டி வைக்க இடம் ஒதுக்கிவிட்டு.